நடுவர்களின் யோக்கியதை என்ன?

எந்தப் போட்டியானாலும் சரி, முடிவு சொன்னவுடன் ஜனங்கள் கேட்கின்ற முதல் கேள்வி "யாருக்குப் பரிசு?" என்பதுதான். பரிசு கொடுத்தவர் யார், அவர் எந்தத் தொழிலைக் கற்றவர், தம் கையால் என்ன செய்து காட்டியவர், எந்த யோக்கியதையைக் கொண்டு பிறர் வேலைக்கு மார்க்குப் போட வந்தார் என்பதை நம்மவர்கள் கேட்பதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவது நமக்கு வெகுநாளைய பழக்கம். மாலையைப் போட்டு மேடையில் ஏற்றிவிட்டால் அவன் வாயில் வந்ததே தீர்ப்பு. அதற்குமேல் கேள்வி கேட்பவன் அதிகப்பிரசங்கி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக நடந்த சித்திரப் போட்டிக்கு நாம் போயிருந்தோம். நாம் சித்திரக்காரரல்ல. பெஞ்சு எடுத்துப் போடவும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள், போனோம். நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் நன்கொடை கொடுத்த கடை முதலாளி. ஒருவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த உத்தியோகஸ்தர். மூன்றாமவருக்கு முதலாளியின் சிநேகிதர் என்பதைத் தவிர வேறு யோக்கியதை இருந்ததாக நமக்குத் தெரியவில்லை. மூவரில் ஒருவராவது தூரிகையைக் கையால் தொட்டவரல்ல. ஒவ்வொரு காகிதத்தின் பின்பக்கத்திலும் பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், குடியிருக்கும் தெரு எல்லாம் எழுதியிருந்தது. பெயருக்குப் பின்னால் ஜாதியை எழுதுவது தமிழ்நாட்டில் பெரும்பாலும் நின்றுபோய் வெகுகாலமாயிற்று. ஆனால் தெருவின் பெயர் போதாதா? பென்ஷன்காரர் முதலில் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். அதற்குப் பிறகுதான் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்தார். சில காகிதங்களின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

ஒரு பெண்பிள்ளை உழவு மாடு இரண்டை எழுதியிருந்தது. சேற்றில் அழுந்திய முன்காலை மாடு பிடுங்குகிறபோது தோள்பட்டை எப்படிப் புடைக்குமோ அப்படியே எழுதியிருந்தது. மாட்டுக்குப் பின்னால் நடந்து பழகாத பிள்ளைக்கு அது வராது. அதற்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. ஏன் என்று கேட்டோம். "அந்தத் தெருப் பிள்ளைக்கு இவ்வளவு எழுத வருமா ஐயா? யாராவது போட்டுக் கொடுத்திருப்பார்கள்" என்றார் பென்ஷன்காரர். பெஞ்சு தூக்க வந்தவன் பேச்சு எந்தச் சபையில் ஏறும்? திரும்பி வந்துவிட்டோம். ஆனால் அந்தக் காகிதத்தைத் திருப்பிய கை மாத்திரம் நம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இது நிற்க. காகிதத்தின் பின்பக்கத்தைப் பார்க்காமல் ஒரு தேசமே போட்டி நடத்திய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1981-ம் வருஷம் நடந்தது. அதில் யார் ஜெயித்தார் என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் எழுத வந்தது அங்கே நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் யார், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைப் பற்றி.

அமெரிக்க சர்க்கார் வியட்நாம் தேசத்தின்மேல் நடத்திய யுத்தம் நம் வாசகர்கள் கேள்விப்பட்டதுதான். 1973-ல் அமெரிக்கப் படை திரும்பிற்று. 1975-ல் யுத்தம் முடிந்தது. வியட்நாமியர்கள் லட்சம் லட்சமாய்ச் செத்தார்கள். அமெரிக்கர்களில் 58,000 பேருக்குமேல் செத்தார்கள். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளில் அநேகர் காலேஜைக் காட்டிப் பட்டாளத்துக்குத் தப்பிக்கொள்ள, ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகமாய்ப் போனார்கள். திரும்பி வந்தவர்களை வரவேற்க ஆளில்லை. அப்படித் திரும்பியவர்களில் ஒருவரான ஜான் ஸ்க்ரக்ஸ் என்பவர், போரில் காயம் பட்டவர், 1979-ல் சில தோழர்களோடு சேர்ந்து, செத்தவர்களுக்கு ஒரு ஞாபகச்சின்னம் எழுப்ப ஒரு சங்கம் கண்டார். சர்க்கார் நிலம் மாத்திரம் கொடுத்தது. வாஷிங்டன் நகரத்தில் லிங்கன் மண்டபத்துக்கு அருகில். பணம் ஜனங்களிடம் வசூலித்ததுதான், 80 லட்சம் டாலருக்குமேல்.

என்ன மாதிரியான சின்னம் வைப்பது என்பதற்குத் தேசம் முழுவதற்கும் பொதுவாய்ப் போட்டி வைத்தார்கள். அமெரிக்கப் பிரஜையாய், 18 வயது நிரம்பியவராய் இருந்தால் போதும். பட்டம் வேண்டாம், சிபார்சுக் கடிதம் வேண்டாம். செத்தவர், காணாமற்போனவர் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கவேண்டும், யுத்தம் சரியா தப்பா என்று அது பேசக்கூடாது, பார்க்கிறவனைச் சிந்திக்க வைக்கவேண்டும் என்பவை முக்கியமான நிபந்தனைகள். முதல் பரிசு 20,000 டாலர். வந்து சேர்ந்த சித்திரங்கள் 1,421. அவற்றை வைத்துப் பார்க்க எந்த மண்டபமும் போதாமல், ஆகாய விமானங்களை நிறுத்துகின்ற ஒரு பெரிய கொட்டகையில் வரிசை வரிசையாய் நிறுத்தினார்கள்.

ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஒரு நம்பர். அவ்வளவே. பெயர் இல்லை, ஊர் இல்லை, தகப்பன் இல்லை. எழுதியவர் பேர்பெற்ற நிபுணரா, கடையில் கணக்கெழுதுகிறவரா, ஆணா பெண்ணா, வெள்ளையரா கறுப்பரா என்பது நடுவருக்குத் தெரிய வழியே கிடையாது. திருப்பிப் பார்த்தாலும் நம்பர்தான் இருக்கும்!

நடுவர்கள் எட்டுப் பேர். ஒருவர் பத்திரிகையாளர், இருவர் கட்டடம் வகுப்பவர்கள், இருவர் பூங்கா, மைதானம், பாதை முதலியவற்றை நிலத்தில் வகுத்துக் கொடுக்கும் வித்தைக்காரர்கள், மூவர் சிற்பிகள். இவர்களில் மடாதிபதி உண்டா? மந்திரி உண்டா? நன்கொடை கொடுத்த முதலாளி உண்டா? ஒருவரும் இல்லை. எல்லோரும் தத்தம் தொழிலில் முதுகு வளைந்தவர்கள்.

சிற்பிகளில் ஒருவர் ரிச்சர்ட் ஹண்ட். சிக்காகோ நகரத்தில் 1935-ல் பிறந்த நீக்ரோவர். அந்தக் காலத்தில் அவர்களைக் குறித்த சொல் அது, இன்று கறுப்பர் என்றே சொல்லவேண்டும். தகப்பனார் முடிதிருத்தும் தொழிலாளி. தாயார் புத்தகசாலையில் வேலை பார்த்தவர். ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் மகனை ஒரு தேசத்தின் சித்திரப் போட்டிக்கு நடுவராக வைத்தார்கள் என்பதை, தோழர்களே, நீங்கள் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நம் ஊரில் அந்தத் தொழிலாளிக்கு என்ன மரியாதை நடந்து வந்தது, கலியாண வீட்டில் அவரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பது உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஹண்ட் சித்திரப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் இரும்பைப் பற்றவைத்துச் சிற்பம் செய்கிற வித்தையைத் தாமே பழகிக்கொண்டார். பழைய இரும்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, காய்ச்சி, ஒட்டி, உருவம் கொடுத்தார். 1955-ல் எம்மட் டில் என்ற 14 வயதுக் கறுப்புச் சிறுவனை மிசிசிப்பி மாகாணத்தில் வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். பிள்ளையின் தாயார் பெட்டியை மூடமாட்டேன், என் பிள்ளைக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்று முகத்தைத் திறந்தே வைத்தார். சிக்காகோவில் அந்தப் பெட்டியைப் பார்க்க வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் பத்தொன்பது வயது ஹண்டும் ஒருவர். மறுவருஷம் இரும்பில் சிதைந்த ஒரு தலையைச் செய்தார். அதற்கு 'வீரனின் தலை' என்று பெயர் வைத்தார். பிறகு பட்டாளத்தில் 1958 முதல் 1960 வரை இருந்தார். அப்போது டெக்ஸாஸ் மாகாணத்து சான் அன்டோனியோ ஊரில் வெள்ளையருக்கு மாத்திரம் சாப்பாடு போடும் கடைகளில் கறுப்பரையும் உட்கார விடுவதென்று கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1960 மார்ச்சு 16-ல், அந்த முதல் நாளிலேயே, ஹண்ட் ஒரு கடையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். நம் நாட்டுக் கிளப்புகளிலும் ரயில்வே ஸ்டேஷன்களிலும் ஜாதிக்கொரு பந்தி இருந்த காலத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னதென்று விளங்கும். 1971-ல் நியூயார்க்கு நவீன கலைக் காட்சிசாலை அவர் சிற்பங்களுக்கென்றே தனிக்காட்சி வைத்தது. அதற்கு முன் எந்தக் கறுப்புச் சிற்பிக்கும் அங்கே அது கிடைத்ததில்லை. 2023 டிசம்பரில்தான் காலமானார். நடுவராக உட்கார்ந்தபோது அவருக்கு 45 வயது. எட்டுப் பேரில் அவரே இளையவர்.

இரண்டாவது சிற்பி கான்ஸ்டான்டினோ நிவோலா. இத்தாலி தேசத்து சார்டீனியாத் தீவில் ஒரானி என்ற கிராமத்தில் 1911-ல் பிறந்தவர். தகப்பனார் கொத்தனார். பிள்ளையும் சாந்து குழைத்து வளர்ந்தவர்தான். அவர் கலியாணம் செய்துகொண்ட பெண் யூத குலத்தில் பிறந்தவர். முசோலினி ஆட்சி யூதருக்கு விரோதமாய்ச் சட்டம் போட்ட 1938-ல் மனைவியோடு நாட்டைவிட்டு ஓடி, பாரிஸ் வழியாய் அமெரிக்கா சேர்ந்தார். அங்கே கடற்கரையில் குழந்தைகளோடு மணலில் விளையாடிக்கொண்டிருந்தபோது, ஈர மணலில் பள்ளம் தோண்டி உருவம் வகுத்து, அதில் சாந்தை ஊற்றிச் சிற்பம் எடுக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். கொத்தனார் மகனுக்குத்தான் அந்த யோசனை வரும்! மூன்றாமவரான ஜேம்ஸ் ரோஸாட்டி முதலில் பிடில் வாசித்துப் பிழைத்தவர்; பிறகு சிற்பியானார். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்களுக்கிடையே நின்ற அவருடைய உலோகச் சிற்பம் 2001-ல் கோபுரங்களோடு சேர்ந்து அழிந்தது.

நிலம் வகுப்பவர்களில் ஒருவர் ஹிடியோ சசாக்கி. கலிபோர்னியாவில் 1919-ல் ஜப்பானியக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். பிறந்தது அமெரிக்காவில், படித்தது அமெரிக்காவில். ஆனாலும் ஜப்பானோடு யுத்தம் வந்தவுடன், 1942-ல், அமெரிக்க சர்க்கார் ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேரை வீடு வாசல் நிலத்தை விட்டு விரட்டி முள்வேலிக்குள் அடைத்தது. குற்றம் என்ன? பிறப்பு! அப்படி அரிசோனாப் பாலைவனத்து முகாம் ஒன்றில் அடைபட்டவர் சசாக்கி. வெளியே வந்து கிழங்குத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, மறுபடி படித்து, பிற்காலத்தில் ஹார்வார்டு சர்வகலாசாலையில் அந்த வித்தைக்கே தலைவராக இருந்தார். எந்த சர்க்கார் அவரைப் பிறப்புக்காக வேலிக்குள் அடைத்ததோ, அதன் தலைநகரத்து நிலத்தில் எந்தச் சின்னம் நிற்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல அவரையே அழைத்தார்கள்.

இன்னொருவர் காரெட் எக்போ. 1930-களில் பஞ்சத்தாலும் புழுதிப் புயலாலும் நிலத்தை இழந்து, வயிற்றுப் பிழைப்புக்குக் கலிபோர்னியா வந்த ஏழைக் கூலிக் குடும்பங்களுக்கு சர்க்கார் முகாம் கட்டியபோது, அங்கே மரம் எங்கே நிழல் தரவேண்டும், பிள்ளைகள் எங்கே விளையாடவேண்டும் என்று வகுத்துக் கொடுத்தவர். கூலிக்காரனுக்கு நிழல் எதற்கு என்று கேட்காதவர்.

கட்டடக்காரர்களில் பியத்ரோ பெல்லுஸ்கி 1899-ல் இத்தாலியில் பிறந்து, முதல் மகாயுத்தத்தில் சண்டை போட்டு, அமெரிக்கா வந்த புதிதில் ஐடஹோ மாகாணச் சுரங்கம் ஒன்றில் மின்சாரத் தொழிலாளிக்கு எடுபிடியாய் நின்றவர். நடுவராய் உட்கார்ந்தபோது வயது 81. ஹாரி வீஸ் என்பவர் வாஷிங்டன் நகரத்துப் பூமிக்கடியில் ஓடும் ரயிலுக்கு ஸ்டேஷன்கள் வகுத்தவர். தலைவராய் இருந்த கிரேடி கிளே பத்திரிகையாளர். நகரங்களையும் நிலத்தையும் பற்றி எழுதியே வயதானவர்.

இந்த எட்டுப் பேரும் கொட்டகையில் நாள்கணக்காய் நடந்தார்கள். 1,421 சித்திரங்களையும் ஒவ்வொருவரும் பார்த்தார்கள். 232 ஆகக் குறைந்தது; பிறகு 39 ஆயிற்று; கடைசியில் எல்லோரும் ஒருமுகமாய் ஒன்றைச் சொன்னார்கள். நம்பர் 1026. அதில் குதிரைமேல் சேனாதிபதி இல்லை, தூண் இல்லை, கழுகு இல்லை. பூமியை ஒரு கத்தியால் கீறித் திறந்தது போல, மண்ணுக்குள் சரிந்து இறங்கும் இரண்டு கறுப்புச் சுவர்கள், அவற்றில் பெயர்கள். சாதாரணமாய் எழுதிய படம். மினுக்கிக் காட்டிய படங்கள் எத்தனையோ இருக்க, இதற்குள் இருக்கும் விஷயத்தைக் கண்டுகொள்ளக் கண் வேண்டும். மணலைத் தோண்டி உருவம் எடுத்தவனுக்கும், நிலத்தை வெட்டிச் சமன் செய்து பழகியவனுக்கும், வெறும் இரும்புத் துண்டில் துக்கத்தைக் காட்டியவனுக்கும் அந்தக் கண் இருந்தது. கடை முதலாளிக்கு இருந்திருக்குமா என்று கேட்கின்றோம்.

உறையைப் பிரித்தார்கள். எழுதியவர் மாயா லின், 21 வயதுப் பெண், யேல் சர்வகலாசாலை மாணவி, சீனாவிலிருந்து குடிவந்த பெற்றோருக்கு ஒஹையோ மாகாணத்தில் பிறந்தவர். கட்டடத் தொழிலில் பட்டமும் லைசென்ஸும் அப்போது கிடையாது. பெயரோடு அனுப்பியிருந்தால் நான் ஒருநாளும் ஜெயித்திருக்கமாட்டேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

பெயர் வெளியானவுடன் கிளம்பிற்று புயல். யுத்தம் நடந்ததோ ஆசியாவில், சின்னம் வகுத்ததோ ஆசிய முகம் கொண்ட பெண் என்று ஆரம்பித்துப் பேசத் தகாததெல்லாம் பேசினார்கள். நம்பராய் இருந்தவரை நல்ல படம். பெயர் தெரிந்தவுடன் கெட்ட படம்! கோடுகள் மாறிவிட்டனவா? சுவரின் நீளம் மாறிவிட்டதா? காகிதத்தைத் திருப்பிப் பார்க்கும் புத்தி கடலுக்கு அப்பாலும் உண்டு என்பதற்கு நாம் இதைச் சொல்லுகின்றோமே தவிர, அமெரிக்கர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை.

எதிர்த்தவர்கள் சொன்னதில் ஒன்று மாத்திரம் யோசிக்கத் தக்கது. வியட்நாமில் சண்டை போட்டவர் ஒருவராவது நடுவர்களில் இல்லையே, செத்தவனுடைய துக்கம் இவர்களுக்கு என்ன தெரியும் என்றார்கள். இந்தக் கேள்வியை நாம் லேசாய்த் தள்ளமாட்டோம். யாருடைய துக்கமோ அவர்களைக் கேட்காமல் பிறர் தீர்ப்புச் சொல்வதை நாமே எத்தனையோ தரம் கண்டித்திருக்கின்றோம். ஆனால் இங்கே போட்டியைக் கூட்டியவர்களே போர்வீரர்கள். என்ன வேண்டும் என்று நிபந்தனை போட்டவர்கள் அவர்கள்; ஒரு பெயர்கூட விடக்கூடாது என்றவர்களும் அவர்கள். எதை வைத்தால் அந்த நிபந்தனை நிறைவேறும் என்பதைத்தான் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டார்கள். வீடு எத்தனை பேர் குடியிருக்க என்று சொல்வது வீட்டுக்காரன் பாத்தியம். சுவர் நிற்குமா என்பது கொத்தனார் சங்கதி. அன்றியும், அப்படி ஒரு போர்வீரர் நடுவரில் இருந்திருந்தால் மற்ற ஏழு பேரும் அவர் முகத்தைப் பார்த்தே கையைத் தூக்கியிருப்பார்கள். துக்கத்துக்கு முன்னால் யார் எதிர்வாதம் பேசுவான்?

எதிர்த்தவர்கள் கேட்காத வேறொரு கேள்வியை நாம் கேட்கின்றோம். எட்டு நடுவரில் ஒரு பெண்கூட இல்லையே, ஏன்? சுவரில் எட்டுப் பெண்களின் பெயரும் இருக்கின்றது, எல்லோரும் தாதிகள். எழுதி ஜெயித்தவளும் பெண். தேர்ந்தெடுக்க உட்கார மாத்திரம் பெண் கிடைக்கவில்லையா? முடிதிருத்துபவர் மகனையும் கொத்தனார் மகனையும் வேலிக்குள் அடைபட்டவரையும் தேடிப் பிடித்தவர்களுக்கு, சிற்பம் செய்யும் ஒரு பெண்ணைத் தேடத் தோன்றவில்லை. நம்பர் போட்டுப் பெயரை மறைத்ததால்தான் அந்தக் குறை சித்திரம் எழுதினவர் தலையில் விழாமல் போயிற்று.

நிறத்தைப் பற்றியும் பெரிய கலகம். வாஷிங்டன் நகரத்துச் சின்னங்கள் பெரும்பாலும் வெள்ளைக் கல். இதுமட்டும் ஏன் கறுப்பு? கறுப்பு அவமானத்தின் நிறம், வெட்கத்தின் நிறம், வெள்ளையாக்கு என்று கூச்சல் போட்டார்கள். 1982 ஜனவரியில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் எழுந்தவர் ஜார்ஜ் பிரைஸ் என்ற பட்டாளத்து ஜெனரல், கறுப்பர். கறுப்பை அவமானத்தின் நிறம் என்று நீங்கள் சொல்லக் கேட்டுச் சலித்துவிட்டேன், அது அவமானத்தின் நிறமல்ல என்று அவர் சொன்னவுடன் கூட்டம் அடங்கிற்று. கறுப்பின்மேல் கோபப்படுகிறவர்களை நமக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. போகட்டும். அந்தக் கறுப்புக் கல் எங்கிருந்து போயிற்று தெரியுமா? நம் பக்கத்துப் பெங்களூரிலிருந்து! கப்பலேறிப் போய், வெர்மான்ட் மாகாணத்தில் அறுத்து மெருகிட்டு, டென்னஸி மாகாணத்தில் பெயர் பொறித்தார்கள். வெட்டியெடுத்த நம் நாட்டுக் கூலியாள்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை என்பது வேறு சங்கதி.

கடைசியில் ராஜி ஒன்று செய்தார்கள். போட்டியில் மூன்றாவதாக வந்த கூட்டத்திலிருந்த பிரெடரிக் ஹார்ட் என்ற சிற்பி மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலை செய்தார். அதைச் சுவர்களின் நடுவிலேயே நட்டுவிடப் பார்த்தார்கள். அந்த 21 வயதுப் பெண் விடவில்லை. தனியாய்த் தள்ளி நிறுத்தினார்கள். 1984-ல் அது திறக்கப்பட்டது. சுவர் 1982 நவம்பர் 13-ல் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 247 அடி நீளம். பெயர்களை ஜெனரல், கர்னல், சிப்பாய் என்று உத்தியோக வரிசையில் வைக்கவில்லை, பட்டமே போடவில்லை. செத்த நாளின் வரிசையில் வைத்தார்கள். அகராதி வரிசையில் வைக்கலாமே என்றார்கள் சிலர். பார்த்தால் ஸ்மித் என்ற பெயர் மாத்திரம் 600-க்குமேல்! இன்றைக்கும் லட்சக்கணக்கானவர்கள் வந்து, விரலால் பெயரைத் தடவி, காகிதத்தை வைத்துத் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டு போகிறார்கள். வெள்ளையாக்கச் சொன்னவர்களிலும் பலர் பிற்பாடு அங்கே போய் நின்றார்கள்.

தொழில் தெரிந்தவர்களை நடுவராய்ப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாய்ப் போய்விடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பாரிஸ் நகரத்தில் சர்க்கார் ஆதரவில் நடந்த சித்திரக் காட்சிக்கு நடுவராய் இருந்தவர்கள் எல்லோரும் சித்திரக்காரர்கள்தான். ஆனால் எல்லோரும் ஒரே சபையில் வளர்ந்து, ஒரே மாதிரி எழுதி, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டவர்கள். 1863-ல் வந்த 5,000 சித்திரங்களில் பாதிக்குமேல் தள்ளிவிட்டார்கள். கூச்சல் தாங்காமல் அரசன் மூன்றாம் நெப்போலியனே, தள்ளியவற்றையும் தனியாய்க் காட்டுங்கள், ஜனங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்ல நேர்ந்தது. அப்படித் தள்ளுபடியானவர்களில் மானே, பிசாரோ என்பவர்களை இன்று உலகம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. தள்ளிய நடுவர்களின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். வாஷிங்டனில் கொத்தனார் மகனும், சுரங்கக் கூலியும், முள்வேலிக்குள் இருந்தவரும், முடிதிருத்துபவர் மகனும் ஒரே கொட்டகையில் நடந்தார்கள். பாரிஸில் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு இடத்திலும் தொழில் தெரிந்தவர்களே, வித்தியாசம் இதுதான். பாரிஸில் சித்திரத்தின்மேல் பெயரும் இருந்தது.

நம் ஊர்ப் பக்கத்தில் மறுபடியும் பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி வைக்கப் போவதாக ஒரு நோட்டீஸ் நமக்கு வந்திருக்கின்றது. பரிசுத் தொகை அச்சாகியிருக்கிறது. நடுவர்கள் நால்வர் பெயரும் பட்டங்களோடு பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அவர்கள் கையால் எழுதிய சித்திரம் ஒன்றாவது உண்டா என்பது மாத்திரம் அச்சாகவில்லை. பெயர், தகப்பனார் பெயர், தெரு ஆகியவற்றைக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதவும் என்று அடியில் ஒரு வரி போட்டிருக்கிறது. நடுவர்களின் தொழில் என்ன என்றும், தெருவின் பெயருக்குப் பதில் நம்பர் போட்டு, பெயரை வேறு உறையில் வைத்து ஒட்டச் சம்மதமா என்றும் கேட்டுக் காரியதரிசிக்கு எழுதியிருக்கின்றோம். நம்பர் போட்டு உறை ஒட்டுகிற வேலைக்கு ஆளில்லையென்றால் நாமும் நம் தோழர்கள் நான்கு பேரும் வருவதாகவும் எழுதியிருக்கின்றோம். பதில் வந்தவுடன் பிரசுரிப்போம்.